யாஸீன் ஏற்றிய சிப்

டோஹா
19.01.2024

அன்புள்ள உம்மம்மாவுக்கு, பேத்தி நுஸ்ரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முழங்கால் வலி எப்படி? உம்மாவிடம் கேட்டால், "மாடிப்படி ஏறுறா, இறங்குறா, ஆரு சொல்லிக் கேக்கிற" என்கிறார். இங்கே நானும் ஹில்மியும் சுகம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் எடுத்தால் தெருவே கேட்கும். நீங்களும் டிசம்பரில் நான் வந்திருந்தபோது, "எனக்கெண்டு ஏதும் இரிந்தா எழுதி அனுப்பு. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள் நான், எனக்கு ஆரும் வாசிச்சுக் காட்டத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே கடிதம்.

மூத்தவாப்பா குவைத்திலிருந்து கொண்டு வந்த ஸக்ர் என்ற கம்பியூட்டரை மேல்மாடி அறையில் டிவியோடு இணைத்துத் திருத்தி வைத்தோமே, அதன் பெட்டியில் கிடந்த கசட்டுகளை இங்கே எடுத்து வந்தேன். அந்தக் காலத்து வீட்டுக் கம்பியூட்டருக்குள் எதையும் சேமித்து வைக்க இடமில்லை. எழுதியதைச் சத்தமாக்கிப் பாட்டுக் கசட்டில் பதிந்து வைப்பார்கள். ரெக்கோடரில் போட்டால் காதைக் கிழிக்கும் ஒரு கீச்சுச் சத்தம்தான் கேட்கும். அதைக் கம்பியூட்டருக்குக் கொடுத்தால் புரோகிராம் ஆகிவிடும்.

பாதிக் கசட்டுகளில் பூஞ்சணம். ஒன்று மட்டும் ஓடியது. அதில் ஒரு விளையாட்டு இருக்கிறது, உம்மம்மா. திரை முழுக்க நீல நிற வாவி. ஒரு கரையில் மண்டூர், மறுகரையில் குருமண்வெளி. இடையில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைப் பாதை. பொத்தானை அமத்தினால் பாதை நகரும். ஆட்களை ஏற்றி இறக்கினால் புள்ளி கூடும். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அ. உதயரூபன், 1989 என்று போட்டிருக்கிறது. அந்த மெஷினைப் போல நடிக்கும் புரோகிராம் ஒன்றில் போட்டு மூன்று தடவை விளையாடிப் பார்த்தேன். எழுதியவர் கெட்டிக்காரர்.

நாடா இரண்டாம் தடவை ஓடும்போது அறுந்துவிட்டது. அதற்குள் எடுத்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். நம் வீட்டு மெஷினில் நீங்களும் பார்க்க அனுப்பி வைக்கிறேன். யார் இந்த உதயரூபன்? மூத்தவாப்பாவின் பெட்டிக்குள் அவருடைய கசட் எப்படி வந்தது?

துஆவில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
நுஸ்ரா

•

காத்தான்குடி
11.02.2024

மகள் நுஸ்ராவுக்கு, வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் "என்ன என்ன" என்று கேட்டார்கள். ஒருவருக்கும் காட்டவில்லை. முழங்காலுக்கு ஒன்றுமில்லை. உன் உம்மா கூட்டிச் சொல்லுவாள்.

உதயரூபன் என்றால் நம் உதயன். மண்டூர் அருமைநாயகத்தின் மகன். அருமைநாயகம் நம் கடைக்கு நெல் கொண்டுவந்து போடுவார். பொடியன் ஆரையம்பதியில் சித்தி வீட்டில் நின்று மட்டக்களப்புக்குப் போய்ப் படித்தான். என்னைக் கட்டிய மனுசன், உன் மூத்தவாப்பா, எண்பத்தெட்டில் அந்த மெஷினைக் கொண்டு வந்தபோது ஊரே வந்து பார்த்தது. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியே என் கை ஓய்ந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவன் உதயன் ஒருவன்தான். பின்னேரமானால் சைக்கிளை நம் வேலியில் சாத்திவிட்டு மேலே ஏறிவிடுவான். நான் கீழிருந்து, "டேய், சோறு ஆறுது" என்று கத்துவேன். "இன்னும் ரெண்டு வரி மாமி" என்பான். அந்த இரண்டு வரி முடியப் பொழுது பட்டு மஃரிப் ஆகிவிடும்.

தொண்ணூறாம் ஆண்டு சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. அந்த வருடம் நம் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டது உனக்குத் தெரியும். அதன்பிறகு அவர்கள் இங்கே வரவில்லை, நாங்களும் அங்கே போகவில்லை. அருமைநாயகம் செத்துப்போனதுகூட எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

உன் கடிதம் வந்த மறுநாளே உன் உம்மா றுமானாவையும் கூட்டிக்கொண்டு மண்டூருக்குப் போனேன். அன்னப்பூரணி, அதுதான் உதயனின் தாய், வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்தாள்.

"அன்னம், ஒங்கட மகன் எழுதின ஒண்டு டோஹாவில என்ட பேத்திக்கிட்ட வந்திரிக்கி. அவள் அத நம்மட வீட்டு மெஷினுக்கு அனுப்புறாள். வந்து ஒங்கட கண்ணால பாக்கலாம்" என்றேன்.

"உதயனா அக்கா?"

"ஓம். உதயன்ட தான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சிரித்தாள். நெல்லுக்கு மேலேயே குந்தி இருந்துவிட்டாள். "எப்ப அக்கா, எப்ப காட்டுவீங்க" என்று மட்டும் கேட்டாள். நோன்புக்கு முன்னம் என்று சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும்போது றுமானா, "கொஞ்சம் விளக்கமாச் சொல்லியிருக்கலாமே உம்மா" என்றாள். எனக்கு விளங்கியது அவளுக்கும் விளங்கும் என்றேன்.

ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகம் போன பொடியன்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்த மெஷினை என் பேத்திதான் ஓடவைத்தாள் என்று.

இன்னொன்று. என் சின்ன றேடியோவுக்கு ஒரு சிப் வேண்டும். நோன்பில் ஓதல் கேட்க. ஆரும் வந்தால் கொடுத்துவிடு.

அல்லாஹ் உங்கள் இருவரையும் பிள்ளை குட்டியோடு பார்க்க வைக்கட்டும்.
உம்மம்மா ஹவ்வா

•

டோஹா
27.02.2024

அன்புள்ள உம்மம்மா, ஸலாம். உங்கள் கடிதத்தை ஹில்மிக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னும் ரெண்டு வரி மாமி" என்ற இடத்தில் கடிதத்தை அவரிடம் கொடுத்து, மீதியை வாசிக்கச் சொன்னேன்.

பதியுதீன் காக்கா ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு மெமரி கார்ட், நீங்கள் சொல்லும் சிப், கொடுத்திருக்கிறேன். அதில்தான் உதயன் மாமாவின் விளையாட்டு. டிசம்பரில் மெஷினின் மேல் வாயில் கறுப்புப் பெட்டி ஒன்று செருகி வைத்தேன் அல்லவா? சிப்பை அதன் இடுக்கில் தள்ளிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். மெஷின் அதைக் கசட் என்றே நம்பிக்கொள்ளும். இப்போது கடையில் விற்கும் பெரிய சிப்புகளை அந்தப் பழைய மெஷினுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் பழைய சின்னச் சிப் ஒன்றைத் தேடி எடுத்து, அதற்கேற்ற மாதிரி ஆயத்தம் செய்தேன்.

தயவுசெய்து வேறெதிலும் போட்டுப் பார்க்க வேண்டாம். கசட் இனி உதவாது. எல்லாம் இந்தச் சிப்பில்தான். உங்கள் றேடியோவுக்கான சிப்பை அடுத்த முறை அனுப்புகிறேன், மன்னிக்கவும்.

அன்னப்பூரணி அம்மா பார்க்கும்போது அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

நோன்பு நல்லபடியாக அமைய வேண்டுகிறேன்.
நுஸ்ரா

•

[அனுப்பாமல் மடித்து வைத்தது]

காத்தான்குடி
20.03.2024

நுஸ்ரா மகளுக்கு,

உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. சிப் அதற்கு முந்தியே வந்துவிட்டது. பதியுதீன் பேரீச்சம்பழப் பெட்டியோடு அதையும் தந்து, "நுஸ்ரா தந்த" என்று மட்டும் சொன்னான். நான் கேட்டிருந்த சிப் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க?

றேடியோவில் போட்டேன். சத்தமில்லை. வெறுஞ்சிப் என்று எண்ணி ஸியாமின் போன் கடைக்குக் கொண்டு போனேன். கடையில் நோன்புக்குப் பயான் பேச்சு ஏற்ற வந்தவர்கள் நிறையப் பேர். ஸியாம் தன் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தான்.

"உம்மம்மா, இதுக்குள்ள சின்னச் சின்னதா என்னமோ கிடக்கு. அழிக்கவா?"

"கொம்பனிக்காரன் போட்ட குப்பையாயிரிக்கும். அழிச்சிட்டு யாஸீன் ஓதினது போடு. பயானும் போடு. நெறயப் போடு."

"ஆருட்டயும் கேட்டுட்டு அழிப்பமே."

"எனக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? என்ட பேத்தி எஞ்சினியர் டா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸியாமும் சிரித்துக்கொண்டே அழித்தான்.

உன் கடிதத்தை வாசித்ததும் திரும்பவும் போனேன். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். "அழிச்ச சாமான எடுக்க ஏலாதா மகன்?" என்று கேட்டேன். வேறொன்றும் ஏற்றாமல் விட்டிருந்தால் எடுத்திருக்கலாம், நீங்கள்தான் நிறையப் போடச் சொன்னீர்கள், அதற்கு மேலே எழுதியாயிற்று என்றான்.

"அப்ப யாஸீன அழிச்சா கீழ கிடக்கிறது வருமா?"

அவன் என்னைப் பார்த்த பார்வை. "கீழ மேல எண்டு அதுல ஒண்டும் இல்ல உம்மம்மா" என்றான், குழந்தைக்குச் சொல்லுவதுபோல.

அந்தச் சிப்பில் நோன்பு தொடங்கியதிலிருந்து யாஸீன் கேட்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சத்தம் கூட்டி வைத்தேன். நாம் யாஸீன் ஓதுவது மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. என் கையால் அந்தப் பொடியனுக்கு நான் செய்த வேலையைப் பார். அதை அழி என்று சொல்லவும் வாய் வரவில்லை. கேட்கவும் காது வரவில்லை. றேடியோவைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்னப்பூரணிக்கு நான் என்ன

•

காத்தான்குடி
16.04.2024

மகள் நுஸ்ராவுக்கு ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். ஹில்மி மகனுக்கும் சொல்லு. இங்கே எல்லோரும் சுகம். உன் உம்மா வட்டிலப்பம் செய்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். இந்த முறை இனிப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.

சிப் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்னப்பூரணி இன்னும் வரவில்லை. நோன்பு நாட்களில் வீட்டுக்கு வந்தால் ஒரு தேநீர்கூட வைக்க முடியாது, ஆகவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு அவர்களுடைய வருடப்பிறப்பு. இப்போது டிவியில் ஏதோ கோளாறு போல. பார்ப்போம்.

சும்மா அறியத்தான் கேட்கிறேன்: வேறு சிப் ஒன்று கடையில் வாங்கிப் போட்டால் அந்த மெஷின் தானாக ஏதும் காட்டுமா?

வெயில் கடுமை. நீங்களும் தண்ணீர் குடியுங்கள்.
உம்மம்மா

•

டோஹா
10.05.2024

அன்புள்ள உம்மம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலம் என்று எழுதினாலும் எழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வரிகள் எல்லாம் கீழே இறங்கிப் போகின்றன. மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?

வேறு சிப் போட்டால் மெஷின் ஒன்றும் காட்டாது. அதற்குள் தானாக ஏதும் இல்லை. ஏன் கேட்டீர்கள்?

டிவி பற்றி உம்மாவிடம் கேட்டேன். டிவி நன்றாக வேலை செய்கிறது, நீங்கள்தான் மேல்மாடி அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் வைத்திருக்கிறீர்கள் என்கிறார். போனில் கேட்டால் "கடிதத்தில் எழுதுறன்" என்கிறீர்கள். கடிதத்தில் வட்டிலப்பத்தைப் பற்றி எழுதுகிறீர்கள்.

எனக்குக் கோபமில்லை. அன்னப்பூரணி அம்மா காத்திருப்பார் என்பதை நினைத்தால்தான் ஒரு மாதிரி இருக்கிறது. ஏதும் தடை இருந்தால் எழுதுங்கள்.

றேடியோ சிப் ஒன்று இத்துடன் வருகிறது. மேலே "றேடியோ" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் கையை முத்தமிடும்
நுஸ்ரா

•

காத்தான்குடி
02.06.2024

நுஸ்ராவுக்கு ஸலாம்.

றேடியோ சிப் கிடைத்தது. ஒட்டி எழுதி அனுப்புமளவுக்கு நான் இன்னும் கண் கெட்டுப் போகவில்லை.

பெரியவர்களிடம் விசாரணை வைக்கும் பழக்கம் நம் வீட்டில் இல்லை. உன் உம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்து. அன்னப்பூரணிக்கு எப்போது காட்டுவதென்று எனக்குத் தெரியும். நீ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வருவதானால் வந்து காட்டலாம் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சுகமாக இருங்கள்.
உம்மம்மா

•

மண்டூர் முருகன் துணை

மண்டூர்
14.07.2024

மதிப்புக்குரிய ஹவ்வா அக்காவுக்கு, அன்னப்பூரணி எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே ஆண்டவன் கிருபையால் நலம். அதுபோல் தாங்களும், தங்கள் மகள், பேத்தி ஆகியோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் மாசி மாதம் வந்து போன பிறகு நான் தொந்தரவு செய்யவில்லை. தாங்கள் நாளைத் தள்ளித் தள்ளிச் சொல்லி அனுப்புவதும் ஏனென்று எனக்கு விளங்குகிறது. இப்படியான விடயத்தில் அவசரப்படக் கூடாது. அவன்தானா என்று தங்கள் பேத்தி அங்கே தீர விசாரிக்க வேண்டும்தானே. பெயரை மாற்றி வைத்திருப்பான். வெளியில் தெரிந்தால் ஆபத்து என்று பயப்படுகிறானோ என்னவோ. நான் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை அக்கா. அயலட்டைக்கும் தெரியாது.

இவர் இருந்திருந்தால் நேரில் வந்திருப்பார். என்னால் முடிந்ததைச் செய்கிறேன். முன்னறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆவணியில் எங்கள் கோயில் தீர்த்தம். வருவதற்கு வசதிப்படாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தடவை குரல் கேட்க முடியுமா என்று பேத்தியிடம் சொல்லி அவனைக் கேட்கச் சொல்லுங்கள். கலியாணம் முடித்துவிட்டானா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நான் கேட்க மாட்டேன். அவன் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

தங்கள் உதவியை மறவாத
அ. அன்னப்பூரணி

•

காத்தான்குடி
18.07.2024

மகள் நுஸ்ராவுக்கு ஸலாம். இந்த முறை சுகம் விசாரிக்க எனக்கு நேரமில்லை.

அன்னத்தின் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசி. பிறகு நான் நோன்பு மாதத்தில் எழுதி மடித்து வைத்ததும் இருக்கிறது. அதையும் வாசி. பாதியில் நிற்கிறது, நிற்கட்டும்.

அவள் உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறாள், நுஸ்ரா. நான் "டோஹாவில பேத்திக்கிட்ட வந்திரிக்கி" என்று சொன்னேன். உன் உம்மா அன்றைக்கே சொன்னாள், விளக்கமாகச் சொல்லுங்கள் என்று. சிப் இருந்து, சொன்ன நாளில் காட்டியிருந்தால், அவள் அங்கேயே தெளிந்திருப்பாள். சிப்பை அழித்தது ஒரு குற்றம். அதை மறைத்து நாளைத் தள்ளிய ஒவ்வொரு முறையும் அவளுக்குள் அவன் வளர்ந்திருக்கிறான். நான்தான் வளர்த்தேன்.

ஸியாமுக்கு முன்னால் வெட்கப்பட்டேன், உனக்கு முன்னால் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

அழிந்தது அழிந்தது. அவளுக்கு இப்போது கையில் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. என்ன செய்ய?

உம்மம்மா

•

டோஹா
04.08.2024

உம்மம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. உம்மாவிடம் கேட்கவில்லை, நீங்களே எழுதுங்கள்.

உதயன் மாமாவின் விளையாட்டு அழியவில்லை. என் லெப்டொப்பில் இருக்கிறது. ஹில்மியின் லெப்டொப்பிலும் இருக்கிறது. இப்படியானதை எடுத்தால் இரண்டு மூன்று இடத்தில் பிரதி வைப்போம். எங்களுக்கு அது பல் துலக்குவது போல. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. "எல்லாம் இந்தச் சிப்பில்தான்" என்று நான் எழுதினேன். நீங்கள் நம்பிவிட்டீர்கள். அது என் பிழை.

ஆனால் நீங்கள் மார்ச் மாதத்தில் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தால் அடுத்த கிழமையே இன்னொரு சிப் அனுப்பியிருப்பேன். இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

புதிய சிப் இத்துடன் வருகிறது. கொண்டுவருபவரிடம் "றேடியோவுக்கு அல்ல" என்று வாயாலும் சொல்லியிருக்கிறேன்.

சிப்பைக் காட்டுவதற்கு முன் அன்னப்பூரணி அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஹில்மி, போனில் தானே சொல்லவா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். அது சரியில்லை என்று நினைக்கிறேன். தீர்த்தத்துக்கு முன்னம் நீங்களே போக வேண்டும், உம்மம்மா.

அல்லாஹ் உங்களுக்குத் தைரியத்தைத் தரட்டும்.
நுஸ்ரா

•

காத்தான்குடி
08.09.2024

மகள் நுஸ்ராவுக்கு ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த முறை உண்மையாகவே ஒன்றுமில்லை.

தீர்த்தத்துக்கு முன்னம் போனேன். தனியாகப் போனேன். குருமண்வெளி மிதவைப் பாதையில் திருவிழாச் சனம் நிறைந்திருந்தது. ஒரு பிள்ளை எழும்பி எனக்கு இடம் தந்து, "கோயிலுக்கா உம்மா" என்று கேட்டது. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அன்னத்தின் முன்னறையில் சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை. கட்டிலில் ஆம்பிளைகள் உடுக்கும் புதுச் சாரம் ஒன்று கடைப் பையோடு கிடந்தது. என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் படலையைப் பார்த்தாள். வேறு ஆரும் வருகிறார்களா என்று.

கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னாள். நான் இருக்கவில்லை. இருந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

"அன்னம், உதயன் ஒண்டும் அனுப்பல்ல. அது எண்பத்தொன்பதில நம்மட வீட்டு மேல்மாடியில இரிந்து அவன் எழுதினது. பழைய கசட்டில கிடந்தத என்ட பேத்தி எடுத்தாள். அவ்வளவுதான்."

"இல்ல அக்கா. பேத்திக்கிட்ட வந்த எண்டு நீங்கதானே சொன்ன."

"நான் சொன்னது பிழை."

இந்தச் சொல் என் வாயில் பழக்கமில்லாதது. உன் மூத்தவாப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் காட்டல்ல?"

சொன்னேன். றேடியோ, ஸியாம், கடையில் சிரித்தவர்கள், யாஸீன், டிவி கோளாறு என்ற பொய், ஹஜ்ஜுப் பெருநாள் என்ற பொய், எல்லாம். முடித்த பிறகு சாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வெக்கத்தில இரிந்த" என்றாள்.

"ஓம்."

"நான் அவன் வாறான் எண்டு இரிந்தன்."

கோயிலில் மேளம் கேட்டது. அவள் எழும்பிப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு அந்தத் தண்ணீரை எப்படிக் குடிப்பதென்று தெரியவில்லை. குடித்தேன்.

"ஒங்கட வீட்டுக்கு நான் வரமாட்டன்" என்றாள். "என்ட புள்ள செஞ்சத எனக்குக் காட்டுறெண்டா இஞ்ச கொண்டு வாங்க."

சரி என்று வந்துவிட்டேன். திருவிழா முடிந்து போன கிழமை மெஷினைப் போர்வையில் சுற்றி ஓட்டோவில் ஏற்றினேன். உன் உம்மா, "வாப்பாட சாமான், ஆருட்டக் கேட்டுக் கொண்டு போறீங்க" என்று வாசல்வரை வந்து ஏசினாள். உன்னிடமும் கேட்கவில்லை. உனக்குத் தருவதாகச் சொல்லி வைத்த பொருள்தான். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உனக்குக் கோபமென்றால் கோபப்படு.

அன்னத்தின் டிவியோடு மெஷினை நான்தான் இணைத்து, நீ எழுதிய மாதிரியே சிப்பைத் தள்ளினேன். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. கறுப்புப் பெட்டியைக் கழற்றித் திரும்பச் செருகினேன். வந்தது. நீல வாவி, இரண்டு கரை, நடுவில் அவன் பெயர். அன்னம் டிவிக்குக் கிட்டப் போய் ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாசித்தாள். தகப்பன் பெயரின் முதலெழுத்தில் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பிறகு பாதை வந்து மண்டூர்க் கரையில் நின்றது. ஏறுவதற்கு ஆட்கள் சின்னச் சின்னப் பொட்டாக நிற்கிறார்கள்.

"ஏன் நிக்கிது?"

"பொத்தான அமத்தினாத்தான் போகும்."

அவள் அமத்தவில்லை. நான் காட்டித் தருவோமென்று கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள்.

"விடுங்க. நிக்கட்டும்."

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள். குரலில் கோபம் இல்லை. வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லுவதுபோலச் சொன்னாள்.

"மாசியிலயே இதக் காட்டியிருந்தா நான் அழுதிட்டு, என்ட புள்ளட கெட்டித்தனத்த நாலு பேருக்குச் சொல்லியிருப்பன். அதோட முடிஞ்சிருக்கும். நீங்க காட்டல்ல. அந்த மாசமெல்லாம் நான் நல்லாச் சாப்பிட்டன் அக்கா. படுத்தவுடன நித்திரை வந்த. அவன் போனதுக்குப் பிறகு நான் அப்பிடி நித்திரை கொண்டதே இல்ல."

ஏச்சு வாங்க ஆயத்தமாகப் போயிருந்தேன், மகள். ஏசினால் என்ன சொல்லுவதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் ஏசவில்லை.

எனக்காக துஆக் கேள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்னத்துக்கு நித்திரை வர வேண்டும் என்று கேள்.

உம்மம்மா
ஹவ்வா